வாயைக் கட்டச் சொன்னால் சீனி குறையுமா?

யூலை 4 — வாசகர் ஒருவரின் கேள்வி

"என் தந்தைக்கு 68 வயது. நீரிழிவு வந்து பல ஆண்டுகளாகின்றன. இந்த மாதக் கிளினிக்கில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 240 என்று வந்தது. 'வாயைக் கட்டுங்கோ ஐயா' என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நாங்களும் நன்றாக ஏசினோம். கொழும்பில் படிக்கும் என் தங்கை மட்டும், ஏசுவது ஆளைத் தளர்த்திவிடும் என்றும், வெளிநாடுகளில் வைத்தியர்களே பேசும் முறையை மாற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றும் சண்டை பிடிக்கிறாள். கண்டிப்பில்லாமல் எங்கள் ஊரில் யார் திருந்தியிருக்கிறார்கள்? அன்பிருப்பதால்தானே ஏசுகிறோம்?"

யூலை 4, இரவு

அன்பிருப்பதால் ஏசுகிறீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் இரண்டாம் வகை நீரிழிவு. என்னை ஏசாத உறவினர் எவரும் கொக்குவிலில் மிச்சமில்லை. ஏச்சு வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்: ஏசியதால் நான் குறைவாகச் சாப்பிட்டதாக நினைவில்லை, எதை வெளியே சொல்லக் கூடாது என்பதைத்தான் விரைவாகக் கற்றுக்கொண்டேன்.

உங்கள் தந்தையின் 240க்குக் காரணம் என்னவென்று வீட்டில் எவருக்காவது தெரியுமா? சாப்பாடாக இருக்கலாம். சீனியைக் குறைக்கும் மெற்போமின் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அவர் அதைத் தானாகவே நிறுத்தியிருக்கலாம். பல்லில் சீழோ, ஆறாத காய்ச்சலோ இருந்திருக்கலாம். இழுப்புக்கோ மூட்டுவலிக்கோ யாராவது ஸ்டீரோயிட் மாத்திரை கொடுத்திருக்கலாம். அதுவும் சீனியை ஏற்றும். இவற்றுள் எதையும் ஏச்சு கண்டுபிடித்துத் தராது. அவர் வாய் திறந்து சொன்னால்தான் தெரியவரும். நீங்களோ அந்த வாயைத்தான் கட்டச் சொல்கிறீர்கள்.

யூலை 5

தங்கை சொன்னதில் உண்மை இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் நீரிழிவு அமைப்பு 2011 இல் இதைப் பற்றி ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அங்குள்ள நீரிழிவுக் கல்வியாளர் சங்கமும் 2017 இல் சேர்ந்து ஒரு வழிகாட்டலை எழுதின. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2018 இல் தன்னுடையதை வெளியிட்டது. பழி சுமத்தாமல் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், ஆளிடம் ஏற்கெனவே இருக்கும் பலத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும், முடிவை அவரோடு சேர்ந்தே எடுக்க வேண்டும் என்பவை இவற்றின் சாரம்.

ஆயினும் அங்கே எழுதிய பட்டியல்களை அப்படியே இங்கே தூக்கிவந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரில் ஒருவரை ஒடுக்குவதற்குக் கெட்ட சொல் எதுவும் தேவையில்லை. "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்பது சாதாரணக் கேள்வி, அதையே கொப்பியிலுள்ள எண்ணைப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல், வாங்கிலில் இருக்கும் மற்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்டால் அது பொலிஸ் விசாரணையாகிவிடுகிறது.

யூலை 7

கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள்கள் எங்கள் வீடுகளில் நடப்பதை எல்லோரும் அறிவோம். இராச்சாப்பாடு பாதியாகும்; பாகற்காய் சந்தையில் விலை ஏறும்; வருடம் முழுவதும் நடக்காதவர் விடியற்காலையில் ஒழுங்கை முழுவதும் நடந்து நாய்களுக்கு அறிமுகமாவார். பரீட்சைக்கு முதல்நாள் இரவு படிக்கிற பிள்ளையைப் போன்றதுதான் இது. வெறும் வயிற்றுச் சீனி இந்தப் பாசாங்குக்கு ஓரளவு மயங்கும். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை மயங்காது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் உயிர்வாழ்கிறது. அந்தக் காலம் முழுவதும் அதன்மீது ஒட்டிய சீனியைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது சொல்லிவிடும்.

எனக்கு இதில் கவலை தருவது பாசாங்கு அன்று, அதற்கான தேவை. தனக்கு உதவுவதற்காக இருக்கிற ஓரிடத்துக்குப் போவதற்கு முன் ஒருவர் தன் வாழ்க்கையை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொய்யான எண்ணை நம்பி மருந்தைக் கூட்டாமல் விட்டாலும் கேடு, குறைத்தாலும் கேடு.

யூலை 7, பிற்பகல்

ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்படியானால் சீனி போடாத தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிப்பவர் பொய் சொல்கிறாரா?" இல்லை ஐயா, அவர் சத்தியம்தான் சொல்கிறார். தேத்தண்ணியில் சீனி இல்லை. பனங்கட்டியும் பெரும்பகுதி சீனிதான் என்று, அவர் சிரிக்கும்போது கூடச் சிரித்துக்கொண்டு யாராவது சொல்ல வேண்டும். கடிக்கும் துண்டைச் சிறிதாக்க அவர் உடன்பட்டால் அது போதுமான தொடக்கம்.

யூலை 11

"பயம் காட்டியதால்தான் என் மாமனார் பிழைத்தார், காலைக் கழட்ட வேண்டி வரும் என்று சொன்ன அன்றே இனிப்பை விட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். பயம் சிலரை அசைக்கும். அதே வார்த்தையைக் கேட்ட வேறு சிலர் என்ன செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்: எப்படியும் கால் போகத்தான் போகிறது, இருக்கிற காலத்தில் பாயாசத்தையாவது குடிப்போம் என்று கிளினிக்குக்குப் போவதையே நிறுத்தினார்கள். பிழைத்தவர் கதை சொல்ல வருகிறார், நிறுத்தியவர் வருவதில்லை.

பரிவாகப் பேசுவது என்றால் உண்மையைப் பஞ்சில் சுற்றிக் கொடுப்பது என்று சிலர் விளங்கிக்கொண்டதாகத் தெரிகிறது. அப்படியன்று. காலில் புண் இருந்து அதைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தால், "இது இன்றைக்கே காட்ட வேண்டிய புண், பின்னேரம் வரை வைத்திருக்க வேண்டாம், நான் ஓட்டோ பிடிக்கிறேன்" என்பதே பரிவான பேச்சு. அதில் தயக்கம் எதுவும் இல்லை. ஆனால் "சொன்னனான் எல்லோ, கேட்டனீங்களோ?" என்ற வாலை அதில் ஒட்டத் தேவையில்லை. அந்த வாலுக்குப் பயந்தே பலர் புண்ணைச் சாரத்துக்குள் மறைக்கிறார்கள்.

யூலை 13

என் சின்னம்மாவைப் பற்றி எழுதாமல் இந்த விடயத்தை முடிக்க முடியாது.

அவர் நீண்டகாலமாக இன்சுலின் போடுபவர். ஒரு கட்டத்தில் சீனி 300 வரை ஏறியது. பிறகு திடீரென்று ஒருநாள் மிகவும் குறைந்து, வியர்த்து நடுங்கி அடுப்படியில் விழுந்தார். மீண்டும் ஏறியது. பிள்ளைகள் அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள், தலையணைக்குக் கீழே பார்த்தார்கள், பக்கத்து வீட்டுக் கடைக்காரரிடம் விசாரித்தார்கள். மருமகன் ஒருபடி மேலே போய் பயத்தம் பணியாரப் பேணியின் மூடியில் அடையாளம் வைத்தார். சின்னம்மா எதையும் களவாகச் சாப்பிடவில்லை. அதை அவர் சொன்னபோது எவரும் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார். ஒவ்வொரு கிளினிக்கிலும் இன்சுலினின் அளவு கூடிக்கொண்டு போனது.

ஒருநாள் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு மிஸி (தாதி), எண்ணைப் பார்த்த பிறகு உணவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அம்மா, ஊசி போடுறது லேசான வேலையில்லை. இவ்வளவு காலமா நீங்களே போடுறியள். எப்படிப் போடுறனீங்கள் எண்டு எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். சின்னம்மா காட்டினார். தொப்புளுக்கு இடது பக்கத்தில் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகக் குத்தியதால் தோலுக்குக் கீழே கொழுப்புத் திரண்டு எலுமிச்சங்காய் அளவில் தடித்திருந்தது. அந்த இடத்தில் வலி குறைவு என்பதால் அவர் அதையே விரும்பித் தேர்ந்திருந்தார். தடித்த இடத்தில் போடுகிற இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. சில வேளை உள்ளேயே தேங்கும், சில வேளை தாமதித்து மொத்தமாக இறங்கும். சீனி ஏறி விழுந்ததற்குக் காரணம் அது.

இடத்தை மாற்றச் சொல்லிவிட்டு, நல்ல தோலில் மருந்து முழுமையாக வேலை செய்யும் என்பதால் பழைய அளவையே போட்டால் சீனி ஆபத்தாகக் குறையலாம் என்றும் விளக்கி, அன்றே வைத்தியரிடம் அழைத்துச் சென்று அளவைக் குறைக்கச் செய்தார் அந்த மிஸி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது, வீட்டுக்கு வந்த சின்னம்மா மருமகனின் முன்னால் பணியாரப் பேணியைத் திறந்து ஒன்றை எடுத்து அரைவாசி கடித்துவிட்டு மூடியை அடையாளத்துக்கு நேராகப் பொருத்தி வைத்ததுதான்.

யூலை 13, சற்றுப் பின்

மேலுள்ளதைப் படித்து "நல்ல மனசுள்ள மிஸி" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். மனசு நல்லதுதான், ஆனால் நான் சொல்ல வந்தது வேலைத்திறனை. அவர் கேட்ட கேள்வி தடிப்பைக் கண்டுபிடித்தது. நெரிசல் மிகுந்த கிளினிக்கில் நேரம் எங்கே இருக்கிறது என்று ஒரு சுகாதார உத்தியோகத்தர் கேட்பது நியாயமே. ஒரு நாளில் அவர்கள் பார்க்கும் தொகையை நான் வாங்கிலில் இருந்து பார்த்திருக்கிறேன். ஏசுவதற்கும் ஏறத்தாழ அதே நேரம்தான் பிடிக்கிறது.

யூலை 18

இந்த வாரம் ஆடிப்பிறப்பு என்பதால் எதிர்பார்த்ததைப் போலவே கூழும் கொழுக்கட்டையும் பேச்சுக்கு வந்துவிட்டன. ஒரு வாசகி, தன் வீட்டில் எல்லோருக்கும் கூழ் ஊற்றியபோது "அம்மாவுக்குச் சீனி, அவவுக்கு வேண்டாம்" என்று அண்ணி சபையில் சொன்னதாகவும், அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறார். கலியாண வீட்டுப் பந்தியிலும் இதே காட்சிதான். அம்மா முன்னால் இருக்க, அம்மாவைப் பற்றி வேறொருவரிடம் பேசி அம்மாவின் கோப்பையைத் தீர்மானிக்கிறோம். "அம்மா, உங்களுக்கு எவ்வளவு ஊத்த?" என்று கேட்டிருந்தால் அவரே "அரைக் கோப்பை காணும் பிள்ளை" என்றிருக்கக் கூடும்.

குரக்கன் புட்டு எவ்வளவு சாப்பிட்டாலும் சீனி ஏறாது என்று எழுதியவருக்கு: குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் அரிசியைவிட அதிகம் என்பது உண்மை; ஆனால் நூறு கிராம் குரக்கன் மாவில் எழுபது கிராமுக்கு மேல் மாச்சத்து இருக்கிறது. அரிசியில் அது சற்றே கூட, அவ்வளவுதான். ஒன்றை நல்ல சாப்பாடு என்றும் மற்றதைக் கூடாத சாப்பாடு என்றும் பிரித்துவைத்தால், நல்லதை நீத்துப்பெட்டி நிறைய அவித்துச் சாப்பிட்டவர் தன் தவறு என்னவென்று தெரியாமல் குழம்புகிறார். கூடாததைத் தொட்டவர் தானே கூடாதவர் என்று நினைக்கிறார். எவ்வளவு, எதனோடு, எப்போது என்று பேசுவது பயன் தரும். முருங்கையிலைச் சுண்டலும் மீனும் கூட இருக்கும் சிறிய புட்டுக்கும், சம்பலோடு தனியாகத் தின்னும் பெரிய புட்டுக்கும் சீனி பார்க்கும் மீற்றரே வித்தியாசம் காட்டும்.

யூலை 29

"இப்படியே போனால் ஊசியில்தான் கொண்டுபோய் விட வேண்டி வரும்" என்ற மிரட்டலைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வாக்கியம் செய்கிற கேடு பெரிது. பல ஆண்டுகளாக இன்சுலினைத் தண்டனையாகக் காட்டிவிட்டு, பிறகு ஒருநாள் அதையே மருந்தாக நீட்டினால் எவர் கைநீட்டி வாங்குவார்?

பிரித்தானியாவில் 1977 இல் தொடங்கி 1998 இல் முக்கிய முடிவுகளை வெளியிட்ட பெரும் ஆய்வு ஒன்று, புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேரைச் சேர்த்துக்கொண்டு நீண்டகாலம் பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் எந்தச் சிகிச்சை பெற்றிருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்லச் சீனி மெல்ல ஏறியது. ஒரு மருந்து போதாமல் இன்னொன்று தேவைப்பட்டது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் காலப்போக்கில் தளர்வதே அதற்குக் காரணம். ஒழுங்காக இருந்தவருக்கும் ஊசி தேவைப்படலாம் என்பதை முதல் நாளிலேயே சொல்லி வைத்தால் அந்த நாள் வரும்போது அவர் தோற்றுப்போனதாக உணர மாட்டார்.

இன்சுலின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று கீழே ஒருவர் எழுதியிருப்பது தவறு. சிறுநீரகத்தைக் கெடுப்பது நீண்டகாலம் உயர்ந்திருக்கும் சீனியும் பிரஷரும். பலருக்கு ஊசி பிந்தித் தொடங்கப்படுவதால், அதற்கு முன்பே நடந்த பழுதின் பழி ஊசிமேல் விழுகிறது.

ஓகஸ்ட் 2

பலத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்று யூலை 5 இல் எழுதியது வெறும் புகழ்ச்சிபோல் இருக்கிறது என்கிறார் கேள்வி கேட்டவர். அவர் ஊர்க் கதையையே சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்துப் போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, சின்னம்மாவின் தாயார் தன் இன்சுலின் குப்பியை ஈரத் துணியில் சுற்றிச் சிறிய மண்முட்டிக்குள் வைத்து மடியில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். மின்சாரம் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, அடுத்த குப்பி எங்கே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. முட்டியை மணலில் புதைத்து, மணலுக்குத் தண்ணீர் தெளித்து மருந்தைக் காத்தார். அவருடைய கொப்பியில் பிற்காலத்தில் யாரோ "ஒத்துழைப்பில்லை" என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். உங்கள் தந்தையும் அந்தக் காலத்தைக் கடந்தவர்தான். அவர் அப்போது எப்படிச் சமாளித்தார் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு மருந்துக் கொப்பி தேவையில்லை.

ஓகஸ்ட் 24

நல்லூர்த் திருவிழா நடக்கிறது; கால்களைப் பற்றி ஒரு குறிப்பு. நீண்டகால நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருந்தால், நண்பகல் மணலின் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். "கோயிலுக்குப் போகாதேங்கோ" என்று சொன்னால் எங்கள் ஊரில் எவரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் பூசைக்குப் போகலாம். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். பிரதட்டை செய்கிறவர்கள் தோள், முழங்கைகளையும் பார்க்கட்டும். கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அதைக் கேட்டுச் செய்விப்பதில் வெட்கம் வேண்டாம்.

செப்ரெம்பர் 19

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். ஏசுவதை நிறுத்திவிட்டு, "மாத்திரை போட முடியாமல் போற நாளும் வரும்தானே அப்பா, எந்த நேரத்து மாத்திரை கூடத் தவறுது?" என்று கேட்டாராம். தந்தை இரண்டு நாள்கள் மறுமொழி சொல்லவில்லை. மூன்றாம் நாள், இரவு மாத்திரை பெரும்பாலும் தவறுகிறது, தோட்டத்தால் வந்ததும் நித்திரையாகிவிடுகிறேன் என்றாராம். அதை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். சீனி குறைந்திருக்கிறது, இன்னும் விரும்பிய அளவுக்கு வரவில்லை. பேச்சு மாறியதும் நோய் ஓடிவிடும் என்று நான் எங்கும் எழுதவில்லை. சிலர் அப்படி எதிர்பார்த்துப் பின்னர் ஏமாந்து, "பார்த்தீர்களா" என்று மறுபடி ஏசத் தொடங்குவார்கள்.

ஒக்ரோபர் 8

முதலாம் வகை நீரிழிவுள்ள ஓர் இளம்பெண் எழுதியிருப்பதை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். "சின்ன வயசில கனக்க இனிப்புச் சாப்பிட்டதோ?" என்று இன்றும் அவரைக் கேட்கிறார்களாம். முதலாம் வகை அப்படி வருவதில்லை. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. அவர் என்ன சாப்பிட்டார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வேலைத்தலத்தில் கழிப்பறைக்குள் நின்று ஊசி போடுகிறார். சம்பந்தம் பேசும்போது சொல்ல வேண்டாம் என்று வீட்டார் கேட்கிறார்கள். இதற்கு என்னிடம் இலகுவான விடை இல்லை. மறைத்துச் செய்த கலியாணத்தில் ஊசியையும் மறைக்க வேண்டும், சீனி குறைந்து மயங்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது என்பதை மட்டும் அவருடைய பெற்றோர் யோசிக்கட்டும். 1922 சனவரியில் ரொறன்ரோவில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டவனும் 14 வயதுச் சிறுவன்தான்; அதற்கு முன் இந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் நெடுநாள் உயிரோடு இருந்ததில்லை. ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே தன்னை உயிரோடு வைத்திருக்கும் ஒரு பெண்ணைக் குறையுள்ளவள் என்று பேசுவது எனக்குப் பொருந்தவில்லை.

நவம்பர் 9

கந்தசட்டி விரதத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பொதுவான விடை கிடையாது. நான் செய்ததைச் சொல்கிறேன். நான் மெற்போமினும், சீனியைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான கிளிக்ளசைட்டும் எடுப்பவள். மெற்போமின் தனியாகச் சீனியை ஆபத்தாகக் குறைப்பது அரிது. கிளிக்ளசைட்டும் இன்சுலினும் சாப்பாடு இல்லாதபோதும் சீனியை இறக்கிக்கொண்டேயிருக்கும். முந்திய ஆண்டுகளில் ஏச்சுக்குப் பயந்து எவரிடமும் சொல்லாமல் பிடிப்பவர்களே எங்கள் ஒழுங்கையில் அதிகம். இம்முறை நான் வைத்தியரிடம் முன்கூட்டியே, "ஆறு நாளும் பிடிக்க விருப்பம், எப்படிப் பாதுகாப்பாகப் பிடிக்கலாம்?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லாமல், இரவு ஒருநேரம் பாலும் பழமும் எடுக்கும் என் வழக்கத்தைக் கேட்டறிந்து மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தந்தார். அது எனக்கான அளவு. நீங்கள் உங்களுடையதைக் கேளுங்கள்.

பகலில் மூன்று முறை விரலில் குத்திப் பார்ப்பதாக உடன்பட்டிருக்கிறேன். குத்திப் பார்ப்பதால் விரதம் முறியுமா என்று கேட்டவருக்கு, முறியாது என்று எங்கள் கோயில் ஐயரே சொல்லிவிட்டார். 70க்குக் கீழே வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, அன்றைய விரதத்தை அத்தோடு முடித்துக்கொள்வேன். மகளிடமும் சொல்லியிருக்கிறேன், சீனிப் போத்தல் சாமியறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.